களத்தில் விழித்திருந்தவன் வகுப்பில் தூங்கினான்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில், ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையும் இ-சேவையும் நடத்துகிறேன். பி.எட். முடித்து வேலை அமையாததால் தொடங்கிய கடை. இப்போது இதுதான் என் தொழில், மனசுக்குப் பிடித்த தொழிலும்கூட. வாசலில் நீளமாக ஒரு பெஞ்ச் கிடக்கிறது. சிட்டா, அடங்கல் எடுக்க வருகிறவர்கள், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிய வருகிறவர்கள், முதியோர் உதவித்தொகைக்கு எழுத வரும் பாட்டிமார்கள் எல்லாரும் அதில்தான் காத்திருப்பார்கள்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் பெஞ்சில் பேச்சு மாறும். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பயமும் இல்ல, மரியாதையும் இல்ல." "தலைமுடிய வெட்டியிருக்கிற லட்சணத்தப் பாரு." "ஒண்ணாவது உருப்படுமா சொல்லு." யாரும் ஒரு பையனையோ பெண்ணையோ பெயர் சொல்லிப் பேசுவதில்லை. வாசலில் வருகிற மொத்தக் கூட்டத்தையும் ஒரே வாயில் பேசி முடித்துவிடுவார்கள். பேசுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பேரனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட மாட்டை விற்றவர்களும் அதில் உண்டு. ஆனாலும் அந்தப் பேச்சு பிள்ளைகளின் காதில் விழுகிறது. விழுந்து என்ன செய்கிறது என்று பல வருஷமாக இந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்குள் பிள்ளை இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு குறுவை அறுவடைக் காலம். விடாத மழை. எங்கள் பக்கத்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஏற்கெனவே எடுத்த 40 கிலோ சிப்பங்கள் லாரி வராமல் அடுக்கிக் கிடந்தன. புதிதாக எடுப்பது நின்றிருந்தது. அறுத்தவர்கள் நெல்லைக் களத்திலேயே கொட்டிவைத்துக் காத்திருந்தார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெயில் தலைகாட்டினால் நெல்லை விரித்துக் கிளற வேண்டும். மேகம் கறுத்தால் கூட்டிக் குவித்துப் படுதா போட வேண்டும். ராத்திரி காவலுக்கு ஆள் வேண்டும். என் தம்பியின் நெல்லும் அங்கே கிடந்ததால், அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோன இரவில் அந்தப் பையனைப் பார்த்தேன். பதினொன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு மூச்சிரைப்பு என்பதால் குவியலுக்குக் காவல் இவன்தான்.

கைலியை மடித்துக் கட்டியிருந்தான். புத்தகப் பை நனையாமல் இருக்க உரச்சாக்குக்குள் போட்டுக் கட்டி நெல் குவியலின் மேல் வைத்திருந்தான். கையில் போன். எட்டிப் பார்த்தால், மழை மேகம் எங்கே நகர்கிறது என்று காட்டும் வரைபடம். வேதாரண்யம் பக்கமிருந்து வருவதைக் காட்டி, "இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துரும்க்கா" என்றான். காற்று கிளம்பியதும் எழுந்துபோய்ப் படுதாவின் மூலைகளில் செங்கல்லை நகர்த்தி வைத்தான். குவியலைச் சுற்றி மண்வெட்டியால் சின்னதாக வாய்க்கால் வெட்டி, அடியில் தண்ணீர் போகாமல் வடிய விட்டான். அப்புறம், பக்கத்துக் குவியலில் ஒரு அம்மா தனியாகப் படுதாவோடு மல்லுக்கு நிற்பதைப் பார்த்து அங்கேயும் ஓடினான்.

மறுநாள் இரண்டாவது பீரியடில் அவன் தூங்கிவிட்டான். ஆசிரியர் எழுப்பி நிறுத்தி, "ராத்திரி பூரா போன நோண்டிட்டு இங்க வந்து தூங்கு" என்று திட்டியிருக்கிறார். மத்தியானத்துக்குள் அந்தச் செய்தி என் கடை பெஞ்சுக்கு வந்துவிட்டது. போனால் பிள்ளைகள் கெடுவதற்கு இன்னொரு சாட்சியாக அதை எடுத்துக்கொண்டு பேச்சு ஓடியது.

சாயங்காலம் அவன் ஜெராக்ஸ் எடுக்க வந்தான். "ஏன்ப்பா சார்ட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா கதை விடுறேன்னுவாங்கக்கா. விடுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெரியவர்களிடம் விளக்கம் சொல்வது வீண் என்று ஒரு பதினாறு வயதுப் பையன் முடிவு கட்டியிருந்தான். பொத்தாம் பொதுவாகத் திட்டும் பேச்சினால் வரும் பெரிய நஷ்டம் இதுதான். பிள்ளை கெட்டுப்போவது அடுத்த கதை. முதலில் நம்மிடம் சொல்வதை நிறுத்திவிடுகிறான். நல்லதையும் சொல்ல மாட்டான், ஆபத்தையும் சொல்ல மாட்டான்.

அவன் அப்பாவை வரச்சொல்லிப் பேசினேன். "நம்ம கஷ்டத்தப் போயி வாத்தியார்ட்ட சொல்லணுமா?" என்று தயங்கினார். பெரிய மனு எதுவும் வேண்டாம், இரண்டு வரி போதும் என்று சொல்லி வெள்ளைத் தாளில் எழுத வைத்தேன்: மகன் இரவில் களத்தில் நெல்லுக்குக் காவல் இருக்கிறான், நெல் எடைபோடும் வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, மதிய இடைவேளையில் தூங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், விட்டுப்போன பாடத்துக்கு நோட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர் அக்கறையுள்ள மனிதர்தான். விஷயம் தெரியாத இடத்தை ஊர்ப்பேச்சு நிரப்பியிருந்தது, அவ்வளவுதான்.

தூக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெல் காவல் இல்லாத நாளிலும் இந்த வயதுப் பிள்ளைகள் காலையில் எழ முடியாமல் தவிப்பதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு, பூப்பெய்தும் பருவத்தில் இரவில் பிந்தித் தொடங்குகிறது. பத்து மணிக்குப் படுத்தாலும் கண் சொருகாது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு. இங்கே ஆறு மணிக்கு டியூஷன், அப்புறம் பள்ளியில் சிறப்பு வகுப்பு. சோம்பேறி என்று நாம் சொல்லும் பிள்ளைக்கு, தூங்க விட்ட நேரம் எவ்வளவு என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். போன் இந்தத் தூக்கத்தை இன்னும் தள்ளிப்போடுகிறது என்பதும் உண்மை. இரவு எல்லாருடைய போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், அப்பாவின் போன் உட்பட. பிள்ளையுடையதை மட்டும் பிடுங்கும் வீடுகளில் அது எடுபடவில்லை என்பதை அந்தப் பிள்ளைகளே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நான் பி.எட். படித்தபோது கல்வி உளவியல் தாளில் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: குமரப்பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்த பருவம் என்றவர் யார்? ஸ்டான்லி ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர், 1904இல். விடையை எழுதி மதிப்பெண் வாங்கிய எங்களுக்கு, அதன் பிறகு அந்தக் கருத்துக்கு என்ன ஆயிற்று என்பது மனசில் பதியவே இல்லை. 1928இல் மார்கரெட் மீட் என்ற மானுடவியலாளர் சமோவா தீவுப் பெண்பிள்ளைகளைப் பற்றி எழுதி, இந்தக் கொந்தளிப்பு எல்லா ஊரிலும் இருந்தாக வேண்டியது இல்லை என்று வாதிட்டார். அவர் சொன்னதைப் பிற்பாடு மறுத்தவர்களும் உண்டு. 1999இல் ஜெஃப்ரி ஆர்னெட் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதியதுதான் எனக்கு நிதானமாகப் படுகிறது. பெற்றோருடன் சண்டை, மனநிலை மாற்றம், துணிச்சல் காரியம் இந்த மூன்றும் மற்ற வயதைவிட இந்த வயதில் வர வாய்ப்பு அதிகம். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் வருவதில்லை. இதற்கெல்லாம் மேலாக 2009இல் புக்கானன், ஹியூஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. டீன் ஏஜ் வந்தால் பிள்ளை எதிர்த்துப் பேசும், தறிகெட்டுப் போகும் என்று தாயும் பிள்ளையும் முன்கூட்டியே எதிர்பார்த்த வீடுகளில், பிற்பாடு அப்படிப்பட்ட நடத்தை அதிகம் காணப்பட்டது. எட்டாவது படிக்கும் பிள்ளையைக் கூட்டிவந்து, "இனிமே இவன் நம்ம பேச்சக் கேக்க மாட்டான்" என்று அவன் எதிரிலேயே சொல்லும் அம்மாக்களிடம் இதை நான் தவறாமல் சொல்கிறேன்.

பஸ் படியில் தொங்குவதைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் வழியில் பள்ளி நேரத்துக்குத் தோதாக ஒரே ஒரு டவுன் பஸ். மூன்றாவது நிறுத்தத்திலேயே நிரம்பிவிடும். அதை விட்டால் முதல் பீரியடுக்குப் போய்ச் சேர முடியாது. படியில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே கால் வைக்க இடமில்லை. மீதிப் பேர் இடம் இருந்தாலும் தொங்குவார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "திமிரு" என்று ஒரே பெயர் வைத்ததால், இன்னொரு பஸ் கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் பிள்ளைகளே எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணி எழுதிக்கொண்டு வந்தார்கள். நான் தட்டச்சு செய்து கொடுத்தேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் பெற்றோர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பொதுத்தேர்வு சமயத்தில் கூடுதலாக ஒரு நடை விட்டார்கள், அதோடு நின்றுவிட்டது. திரும்பக் கேட்க வேண்டும்.

இடம் இருந்தும் தொங்குகிற அந்த மீதிப் பேருக்கு என்ன செய்வது? 2005இல் கார்ட்னரும் ஸ்டைன்பெர்கும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்தில் கூட்டாளிகள் இருக்கும்போது பதின்வயதினர் தனியாக இருப்பதைவிட அதிக ஆபத்தை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. அதனால் கண்டிப்பதென்றால் தனியாகக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். கூட்டாளிகள் முன்னால் வைத்து "உங்கப்பன் யாருடா" என்று கத்தினால் அடுத்த நாள் அவன் இன்னும் ஒரு படி கீழே இறங்கித் தொங்குவான்.

பைக் விஷயத்தில் எனக்குப் பெரியவர்கள்மேல்தான் வருத்தம். "பைக்கு பசங்க ரோட்டுல போக விட மாட்டேங்குறானுங்க" என்று சொல்கிறவர், தன் பதினைந்து வயது மகனிடம் சாவியைக் கொடுத்து வயலுக்கு டீ கொண்டுபோகச் சொல்கிறார். பதினெட்டு நிரம்பாதவர் கியர் வண்டி ஓட்டக் கூடாது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் நடந்தால் வண்டிச் சொந்தக்காரருக்கோ பெற்றோருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அரசு கொடுக்கும் சைக்கிள் வீட்டில் இருக்கிறது. டீ கொண்டுபோக அது போதும்.

எல்லாப் பயமும் வெற்றுப் பயம் என்று நான் சொல்ல வரவில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கோரையாற்றில் வந்துவிட்டால் ரெகுலேட்டர் மேலிருந்து குதிக்கிறார்கள். மதகு ஷட்டருக்குக் கீழே தண்ணீர் சுழன்று இழுக்கும் இடத்தில் நீச்சல் தெரிந்தவனும் மாட்டிக்கொள்வான். அங்கே சத்தம்போட்டு விரட்டத்தான் வேண்டும். உதட்டுக்கடியில் வைக்கும் புகையிலைப் பை பள்ளிப் பிள்ளைகளிடம் இருக்கிறது, அதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு எங்கள் ஊர் செய்தது என்ன? சாயங்காலம் மதகுக் கட்டையில் உட்காரும் எல்லாருக்கும் "கஞ்சா கோஷ்டி" என்று பெயர் வைத்தது. வீட்டில் சிக்னல் கிடைக்காமல் அங்கே வந்தவன், சும்மா பேசிக்கொண்டிருந்தவன், நிஜமாகவே பழக்கத்தில் மாட்டியவன் எல்லாருக்கும் ஒரே முத்திரை. அதனால் பழக்கம் இல்லாத பிள்ளைகளும் அவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சேர்ந்து நின்றார்கள். உதவி தேவைப்பட்ட ஒருவன் அந்தக் கூட்டத்துக்குள் மறைந்துபோனான். அவனை மீட்டது அவனுடைய தாய்மாமா. மீன் பிடிக்கக் கூட்டிப்போகும் சாக்கில் தனியாக அழைத்துச் சென்று, ஏசாமல் கேட்டிருக்கிறார். எங்கே வாங்குகிறான் என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு எங்கேயும் விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். விற்றவர் ஒரு பெரியவர்தான். அவரைப் பற்றி என் பெஞ்சில் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த முத்திரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கனத்தில் விழுவதில்லை. ஒரே மாங்காயைக் கல்லால் அடித்தாலும் ஊர்த்தெருப் பையன் என்றால் "சேட்ட", காலனிப் பையன் என்றால் "ரவுடி". பள்ளியில் கண்ணாடி உடைந்தால் யாரை முதலில் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதை அவர்கள் எந்தக் காலத்திலும் மறக்கப்போவதில்லை.

பெண்பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. போனைக் கையில் எடுத்தால் காதல், சிரித்தால் காதல், கண்ணாடி முன் நின்றால் காதல். வகுப்பு வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடத்தைக்கூடப் பார்க்க விடாத வீடுகள் இருக்கின்றன. பெஞ்சில் ஆண்கள் வந்து உட்காருவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு போக வேண்டும் என்று காலையிலேயே என் கடைக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அசிங்கமான படங்கள் வந்துகொண்டே இருந்தன. வீட்டில் சொல்லவில்லை. "நீ ஏன் நம்பர் கொடுத்தேன்னு கேப்பாங்க, அப்புறம் ஸ்கூலையும் நிறுத்திருவாங்க" என்றாள். விசாரித்தால், அவள் நம்பர் கொடுத்திருந்தது ரீசார்ஜ் செய்யத்தான். பதினெட்டு வயதுக்குள் இருப்பவருக்கு இப்படிச் செய்வது போக்சோ சட்டப்படி குற்றம். 1098இல் குழந்தைகளே அழைத்துப் பேசலாம். இணையக் குற்றத்துக்கு 1930 இருக்கிறது. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் அம்மாவிடம் நான் சொன்னது வேறு: உங்கள் மகள் இதை முதலில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், அப்படிச் சொன்னால் போனும் பள்ளியும் பறிபோகாது என்று நீங்கள் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். அந்த அம்மா கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் எண்ணைக் குறித்துக்கொண்டு புகார் கொடுக்க மகளோடு அவரே போனார்.

கடையில் நான் சில பழக்கங்கள் வைத்திருக்கிறேன். வீட்டுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். பிள்ளையின் பெயரில் விண்ணப்பம் என்றால் கேள்வியைப் பிள்ளையிடம் கேட்பேன். வருமானச் சான்றாக இருந்தாலும் முதல் பட்டதாரிச் சான்றாக இருந்தாலும், அப்பா முந்திக்கொண்டு பதில் சொன்னால், "இருங்கண்ணே, தம்பி சொல்லட்டும்" என்பேன். முதலில் முனகுவார்கள், மூன்றாவது கேள்வியில் குரல் தெளியும். திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன், எழுத்துப்பிழையைப் பெரும்பாலும் அவர்கள்தான் பிடிப்பார்கள். தப்பு நடந்தால் அன்றைய தப்பை மட்டும் பேசுவேன். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் அதற்குப் பிறகு சொல்வது எதுவும் காதில் ஏறாது. அவர்களை வைத்துக்கொண்டே அவர்களைப் பற்றி அடுத்தவரிடம் பேச மாட்டேன். "என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். இதுதான் இருப்பதிலேயே கடினம். பதில் வர நேரமாகும், அந்த இடைவெளியில் அறிவுரை சொல்ல நாக்கு துடிக்கும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்தபோது, ரோட்டில் விழுந்த தென்னையையும் புளியமரத்தையும் அறுத்து வழி விட்டவர்கள் இதே மதகுக் கட்டைப் பிள்ளைகள்தான். ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகப் போய் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினார்கள். அந்த நாட்களில் "பசங்க இல்லன்னா என்ன ஆயிருப்போம்" என்று இதே பெஞ்சில் பேசினார்கள். கரண்ட் வந்ததும் பழைய பேச்சும் வந்துவிட்டது. பெரியவர்கள் அந்த நேரம் அவர்களுக்குச் செய்ய ஒரு வேலை கொடுத்து, எப்படிச் செய்வது என்பதை அவர்களிடமே விட்டிருந்தார்கள். அதற்குப் புயல் வர வேண்டியதில்லை. வாய்க்கால் தூர்வாரும்போது கூப்பிடலாம், திருவிழாக் கணக்கெழுத உட்கார வைக்கலாம், கிராம சபைக்குக் கூட்டிப்போய் பஸ்ஸைப் பற்றிப் பேச வைக்கலாம்.

இப்போது சம்பா அறுவடை நெருங்குகிறது. தை, மாசியில் களத்தில் நெல் கிடக்கும்போதுதான் பொதுத்தேர்வுக்கான திருப்புதல் தேர்வுகளும் நடக்கும். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி, இந்த முறை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். பிள்ளை களத்துக் காவலுக்குப் போனாலோ, நடவு, அறுப்பு நாட்களில் வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாலோ, பெற்றோர் வகுப்பாசிரியருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் என் கடைக்கு வரட்டும், காசு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கூடுமானவரை களத்துக்குப் பெரியவர்கள் முறை வைத்துப் போவது, பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகளை அனுப்பாமல் இருப்பது என்றும் பேசியிருக்கிறோம். உங்கள் ஊரிலும் களம் இருக்கும், பள்ளி இருக்கும். அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.